கால்பந்துக் கழகமும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையில் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தபோது, சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசும் தகுதி நமக்கு இல்லை என்று பணிவுடன் சொல்லிப் பார்த்தோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் அவர். நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது கால்பந்தாட்டம். அதிலும், நம் பெங்களூருக் கால்பந்துக் கழகம்.

பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு விழாவிற்கு நம் மகன் நீலச் சட்டை அணிந்து வந்திருந்தான். பெருமதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் அவனை அருகழைத்து, "ஏன் தம்பி, சென்னைக்கும் ஒரு குழு இருக்கிறதே! தமிழ்ப்பிள்ளை நீ, பெங்களூருக்காகத் தொண்டை கிழியக் கத்தலாமா?" என்று கேட்டார். பையன் நம் முகத்தைப் பார்த்தான். பந்தி பரிமாறத் தொடங்கிவிட்டபடியால் அன்று நாம் தப்பித்துக்கொண்டோம். பெரியவர் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தர வேண்டிய விடை ஓராண்டாகக் கடனாக நிற்கிறது.

2018ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் பந்தயம் நம் கண்டீரவா அரங்கில் நடைபெற்றது. பெங்களூரும் சென்னையும் மோதின. ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டபோது அரங்கமே அதிர்ந்தது. பிறகு நடந்தது நமக்குப் பிடிக்காத கதை. சென்னைக் குழுவின் பின்வரிசைக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் இருமுறை தலையால் முட்டினார், இரண்டும் கோல். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். கடைசி நேரத்தில் நம்மவர் மிக்கு ஒன்றைத் திருப்பியும் பயனில்லை. 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போயிற்று. வீடு திரும்பினால், நம் தெருவில் தமிழ் அன்பர் ஒருவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். நமக்கும் ஒரு துண்டு தந்தார். வாங்கிக்கொண்டோம். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சென்னை வென்றதற்கு மகிழ வேண்டும் என்று அறிவு சொன்னது, நெஞ்சு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குச் சற்றுப் பழைய செய்தியைச் சொல்ல வேண்டும்.

தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன என்பதை ஆண்டுதோறும் இம்மேடையில் கேட்டுப் பெருமைப்படுகிறோம். கல்லிலே நம்மவர் எழுதியது அது. புல்லிலே எழுதியதும் ஒன்று உண்டு. அதை ஏனோ இம்மேடையில் யாரும் சொல்வதில்லை. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாகக் கால்பந்து ஆடியது. பிரான்சை எதிர்த்து நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை, போட்டவர் நம் பெங்களூர்ச் சாரங்கபாணி ராமன். அதே குழுவில் சென்ற அகமது கானும் தன்ராஜும் இவ்வூரிலிருந்துதான் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்குப் போய்ப் புகழ் பெற்றனர். அதற்கும் முன்னரே, 1937இலும் 1938இலும், பட்டாளக் குழுக்களின் சொத்தாக இருந்த பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு வென்றுவிட்டது. மைசூர் மாகாணக் குழு நான்கு முறை சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தது.

இவர்களெல்லாம் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் என்று இக்கன்டோன்மென்ட் பக்கத்துச் சந்துகளிலே பந்து உதைத்துப் பழகும் பிள்ளைகளின் பரம்பரை அது. கௌதமபுரத்திற்குப் போய்ப் பாருங்கள். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரேசா ஆகியோரோடு சேர்த்துப் பெலேக்கும் அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். அச்சந்துகளில் பந்து கேட்டுக் கத்தும் குரல் பெரும்பாலும் தமிழ்க்குரல். திட்டும் குரலும் அதுவே.

நமது தந்தையார் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மை மிதிவண்டியின் முன்கம்பியில் உட்கார வைத்து அசோக் நகர் கால்பந்து அரங்கிற்கு அழைத்துச் செல்வார். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எம்.இ.ஜி. என்று ஆலைகளும் பட்டாளமும் நடத்திய குழுக்கள் ஆடும். கடலை வறுத்த மணமும் அந்தக் கல் படிக்கட்டின் சூடும் இன்னும் நினைவில் உள்ளன. பின்னர் ஆலைகள் மெலிந்தன, குழுக்களும் மெலிந்தன. பந்தயம் பார்க்க நாற்பது பேர் வந்தால் அது திருவிழா என்னும் நிலையாயிற்று.

இந்த நிலையில்தான் 2013இல் ஜிந்தால் எஃகு நிறுவனத்தார் ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். தோரணகல்லில் உள்ள அவர்களுடைய ஆலைக்கு நம் தென்மேற்கு இரயில்வே சரக்கு வண்டிகள் இரும்புத் தாது சுமக்கின்றன. ஆகவே ஒரு வகையில் நாமும் உறவினரே என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதல் ஆண்டுப் பந்தயங்கள் அதே அசோக் நகர் அரங்கில் நடந்தன. மேற்குப் பகுதியில் கூடிப் பாடிய இளைஞர்கள் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். நமக்கு வயிறு பெருத்துவிட்டது, இரண்டு மணி நேரம் குதிக்க இயலாது. ஆயினும், தந்தையார் அமர்ந்த படிக்கட்டிலே அமர்ந்து, முதல் ஆண்டிலேயே ஒரு கழகம் ஐ-லீக் பட்டத்தை வெல்வதைக் கண்டோம். 2014 ஏப்ரலில் கோவாவில் டெம்போ குழுவை 4-2 என்று முறியடித்து அப்பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பெரியவரே, கழகம் நமக்குத் தெருவழியாக வந்தது; சென்னைக் குழு தொலைக்காட்சி வழியாக வந்தது. விடையில் பாதி இதுதான்.

மறுபாதியைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. 2016 செப்டம்பர் 12ஆம் நாளை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரித் தகராறில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தன. நாம் வீட்டுக் கதவைத் தாழிட்டு, பிள்ளைகளிடம் "உரக்கப் பேசாதீர்கள்" என்றோம். ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 19ஆம் நாள், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி கண்டீரவாவில் நடந்தது. எதிரே நின்றவர்கள் மலேசியாவின் ஜோகூர் குழுவினர். முந்திய ஆண்டின் வாகையர். போவதா, வேண்டாமா என்று வீட்டில் வாக்குவாதம். போனோம். தமிழில் பேசுவது அடுத்தவர் காதில் விழாதபடி மெல்லப் பேசிக்கொண்டு அமர்ந்திருந்தோம். முதலில் ஜோகூர் கோல் போட்டது. பின்னர் சேத்ரி ஒன்று, மீண்டும் சேத்ரி ஒன்று. அந்த இரண்டாவது கோல் விழுந்தபோது நம்மை மறந்து, "போட்டான்டா!" என்று கூவிவிட்டோம். பக்கத்திலிருந்த கன்னடத்து இளைஞர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கி, அவர் மொழியில் ஏதோ கத்தினார். கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஹுவானன் மூன்றாவதைப் போட்டபோது அவரே நம்மைத் தூக்கி நிறுத்தினார். 3-1. இந்தியக் கழகம் ஒன்று அக்கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதன்முறை. தோகாவில் ஈராக் விமானப்படைக் குழுவிடம் 1-0 என்று தோற்றது வேறு கதை. அந்த இளைஞரின் பெயரை நாம் கேட்கவும் இல்லை.

நிற்க. கழகத்தை நேசிக்கிறோம் என்பதால் அதன் நிர்வாகத்தை வாய்மூடிப் போற்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கலாகாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். தொடக்க ஆண்டுகளில் ஆஷ்லி வெஸ்ட்வுட், ஆல்பர்ட் ரோகா, கார்லெஸ் குவாட்ராட் என்று மூன்று பயிற்சியாளர்களைப் பொறுமையோடு வைத்திருந்தார்கள், பலன் கிட்டியது. 2019இல் ராகுல் பேகே 117ஆம் நிமிடத்தில் தலையால் முட்டி சூப்பர் லீக் பட்டத்தைத் தந்தார். 2021 மே மாதம் மாலத்தீவில் மூவர் தொற்று விதிகளை மீறியபோது, கழகத்தின் உரிமையாளரே முன்வந்து வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். நம் நாட்டில் மேலே இருப்பவர் மன்னிப்புக் கேட்பது எத்தனை முறை நடக்கிறது? அதற்காக அவரை மதிக்கிறோம்.

பின்னர் பொறுமை குறைந்தது. 2021 தொடக்கத்தில் குவாட்ராட் போனார். ஜெர்மானியர் ஒருவர் வந்தார், போனார். ஆங்கிலேயர் சைமன் கிரேசன் வந்தார். அவர் 2022இல் டியூரண்டு கோப்பையை வென்று, 2023 மார்ச்சில் சூப்பர் லீக் இறுதி வரை அழைத்துச் சென்றார். அதே டிசம்பரில் அவரும் போனார். 2023-24இல் பன்னிரண்டு குழுக்களில் பத்தாமிடம். ஒரு கோப்பை மேசை மாறும்போதெல்லாம் முதலிலிருந்து குறிப்பு எழுதினால் காரியம் எப்படி நடக்கும் என்பது அலுவலகம் பார்த்த எவருக்கும் தெரியும்.

ஆயினும் நமது பெருங்குறை பயிற்சியாளர் பற்றியதன்று. 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லீகின் எதிர்காலம் தெளிவாக இல்லாமையால், முதல் குழுவின் ஆட்டக்காரர்கள், பணியாளர்கள் ஆகியோரின் ஊதியம் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதே அது.

காரணம் கழகத்துடையது அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் வாணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தது. அது 2025 டிசம்பர் 8ஆம் நாள் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றிய பேச்சு இழுபறியாகி, சம்மேளனத்தின் விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்க, லீகை நடத்தும் நிறுவனம் ஜூலையில் பந்தயங்களை நிறுத்தி வைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்த தேதி அது! நம் அலுவலகத்தில் குத்தகை முடிவதற்கு ஓராண்டு முன்பே கோப்பு கிளம்பிவிடும். பந்தயம் இல்லையென்றால் சீட்டு விற்பனை இல்லை, விளம்பரம் இல்லை. கழகம் எங்கிருந்து கொடுக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இளையோர் குழுக்களும் பயிற்சிப் பள்ளிகளும் பாதிக்கப்படமாட்டா என்றும் அவ்வறிவிப்பிலேயே சொன்னார்கள். அதையும் பாராட்டுகிறோம்.

ஆயினும் 'காலவரையின்றி' என்னும் சொல் நம்மை உறங்கவிடவில்லை. நாம் எட்டாம் வகுப்பு படிக்கையில், தந்தையார் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் இதே பொருளில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஐந்து மாதம் ஊதியமில்லை. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று, மிதிவண்டியும் போயிற்று, கால்பந்து பார்க்கப் போவதும் நின்றது. ஆலையில் சரக்குக்குக் கேட்பில்லை என்பது உண்மைதான். ஆனால் எத்தனை மாதம், எவ்வளவு, எப்போது என்று எங்கள் தந்தையிடம் யாரும் எதிரில் நின்று சொல்லவில்லை. பொல்லாங்கு அதிலேதான்.

சேத்ரி போன்றவர்கள் சில மாதங்களைத் தாங்கிக்கொள்வார்கள். 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் சட்டை துவைப்பவரும் பந்து சுமப்பவரும் மருந்து தடவுபவரும் உண்டல்லவா? சிறு ஊதியக்காரருக்கு முழுதும், பெரு ஊதியக்காரருக்குப் பாதியும் என்று ஏற்பாடு செய்திருக்கலாம். மாத எல்லை ஒன்று குறித்திருக்கலாம். நாம் இப்படிச் சொன்னபோது, சக இரசிகர் ஒருவர், "முதலாளி போட்ட பணம், முதலாளி முடிவு; உமக்கென்ன?" என்றார். நல்ல கேள்விதான். ஜெர்மனியில் கழக உறுப்பினர்களிடமே பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்பெயினின் பார்சிலோனாவில் உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகத்தை முதலாளி வேறு ஊருக்குக் கொண்டுபோக முற்பட்டபோது, இரசிகர்கள் 2002இல் தாமே புதுக் கழகம் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை. சீட்டு வாங்கும் உரிமையும் கத்தும் உரிமையுமே உண்டு. அவ்விரண்டில் ஒன்றையேனும் பயன்படுத்துவோம் என்றுதான் கழகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்து அனுப்பினோம். விடை வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

2026 ஜனவரித் தொடக்கத்தில் சேத்ரி, குர்பிரீத் முதலிய ஆட்டக்காரர்கள் உலகக் கால்பந்துச் சம்மேளனத்திடமே காணொளி வாயிலாக முறையிட்டனர். அதன் பிறகு, பிப்ரவரி 14 முதல் பதினான்கு கழகங்களோடும் லீக் நடைபெறும் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். செய்தியைக் கேட்டு நம் வீட்டில் கேசரி கிளறினார்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் இறுதியில் மோகன் பகானிடம் 2-2 என்று சமநிலையாகி, பெனால்டியில் 4-3 எனத் தோற்றோம். நம்மவர் இருவர் தவறவிட்டனர். அன்று அவ்விருவரையும் பற்றி நாம் உரைத்த சொற்களை இம்மேடையில் சொல்லலாகாது. நம் மகன் மறுநாள் அவற்றுள் ஒன்றைத் தெருவில் பயன்படுத்தினான், அடியும் வாங்கினான். அடி வாங்க வேண்டியவர் யார் என்பதை அவன் தாயார் எடுத்துரைத்தார்.

சேத்ரி நாற்பது வயதில், 2024 டிசம்பரில், கேரளக் குழுவை எதிர்த்து மூன்று கோல் போட்டார். 2025 ஏப்ரலில் கோவாவில் ஆட்டம் முடியும் தறுவாயில் தலையால் முட்டி நம்மை இறுதிக்குக் கொண்டுசேர்த்தார். அவரைப் பற்றி நாம் புதிதாக என்ன சொல்வது? நமக்கு அதைவிட இனித்த ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 14ஆம் நாள் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வென்றோம். அந்த ஒரு கோலை அடித்த பத்தொன்பது வயதுப் பிள்ளை வினித் வெங்கடேஷ், பெங்களூர்க்காரன். ராமன் இலண்டனில் அடித்து எழுபத்தாறு ஆண்டுகள் கழித்தும் நம் ஊர்ப்பிள்ளை அடிக்கிறான்! இத்தகைய பிள்ளைகள் குழுவில் இன்னும் பலர் இருக்க வேண்டும். நம் தெருப் பிள்ளைகளைத் தேடி நிர்வாகத்தினர் வர வேண்டும். இதுவே அக்கடிதத்தின் இரண்டாம் பத்தி.

பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டுடன் நிறுத்துகிறோம். 2023 மார்ச் 3ஆம் நாள் கண்டீரவாவில் கேரளக் குழுவோடு பந்தயம். கூடுதல் நேரத்தில் சேத்ரி, எதிரிகள் அணிவகுக்குமுன் ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். நடுவர் ஏற்றார். கேரளக் குழுவினர் வெகுண்டு ஆடுகளத்தை விட்டே வெளியேறினர். பிற்பாடு அவர்களுக்கு நான்கு கோடி ரூபாய் தண்டமும் பயிற்சியாளருக்குப் பத்துப் பந்தயத் தடையும் விதித்தார்கள். சரியா தவறா என்று நாள் முழுதும், வாரம் முழுதும் கூச்சல். மறுநாள், மார்ச் 4ஆம் நாள், சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் கர்நாடகக் குழு மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. 1968-69க்குப் பின் 54 ஆண்டுகள் கழித்து! நாம் பார்த்த அலைவரிசைகளில் அதற்குக் கிடைத்தது அடியில் ஓடும் ஒரு வரி. நாம் வாங்கும் தமிழ்ப் பத்திரிகையிலும் கிரிக்கெட்டுக்குக் கீழே நான்கு வரிகள். சண்டை என்றால் எட்டுப் பத்தி, சாதனை என்றால் நான்கு வரி. கடும் வெயிலில் மாவட்டப் பந்தயங்களைப் பார்த்துச் செய்தி அனுப்பும் நிருபர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதியதை வெட்டுகிறவர்களைச் சொல்கிறோம்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு விடை சொல்லிவிட்டதாக நினைக்கிறோம். சென்னைக் குழு பெங்களூருக்கு வரும் நாளில் நீங்கள் சென்னைக்குக் கத்துங்கள். பக்கத்திலேயே அமர்ந்து நாங்கள் பெங்களூருக்குக் கத்துகிறோம். உங்கள் சீட்டுக்கு நாம் பொறுப்பு. இடைவேளைக்கு முறுக்கு உங்கள் பொறுப்பு.

கடைசியாக ஓர் அறிவிப்பு. சங்கத்துப் பிள்ளைகளை ஒரு பந்தயத்திற்கு அழைத்துச் செல்லச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். 2025 ஜூன் 4ஆம் நாள் கிரிக்கெட் வெற்றி விழா நெரிசலில் சின்னசாமி அரங்கின் வாயிலில் பதினொருவர் மாண்டதை மறக்க முடியாது. ஆகவே கூட்டமாக ஓடுவதில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பந்தயம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இந்திராநகர் மெட்ரோ நிலையப் படிக்கட்டில் கூடி, கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கி நடந்து செல்வோம். பெயர் கொடுக்க விரும்புவோர் உணவுக்குப் பின் வாயிலருகே நம்மைக் காணலாம். குறிப்பேடு கையோடு கொண்டுவந்திருக்கிறோம். எந்த நிறச் சட்டையும் அணிந்து வரலாம்.